பச்சை விளக்கு

வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த தரணியின் கைப்பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கிரைண்டர் நின்றது. ஓட்டுபவரின் உடம்பு பட்டையில் வைத்த அளவுக்கு மீறிக் களைத்தால் மோட்டார் தானே நின்றுவிடும். களைப்பு ஆறப் பத்து நிமிடம் ஆகும்.

"விருந்தாளிங்க வர்ற நேரம். நீ மோட்டார் மெக்கானிக்தானேடா? அவ பட்டையில டயலைக் கொஞ்சம் ஏத்திவிடு," என்றார் மாமியார், மகன் கோகுலனிடம்.

"மோட்டார்ல டயலை ஏத்தினா உள்ள காயில் கருகிடும்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். வீட்டுல ஏத்துவேனாம்மா?"

கோகுலன் தன் பட்டையைக் கட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டான்.

"தண்ணி தெளிக்கணும், ஊத்தக் கூடாது," என்றாள் தரணி, நாற்காலியில் சாய்ந்தபடி.

"சரிங்க மேடம்."

மாமியார் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார்.

தரணியின் பட்டையில் பச்சை விளக்கு வந்தது. அதன்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.