மணல் சட்டை

"கழட்டுடா அதை!"

கால்பந்துப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள் சாய்ராகுல். மகன் எல்தியார் போட்டிருந்த, மணல் பொதிகள் தைத்த சட்டையின் பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கம்பி வேலியில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த மற்றப் பையன்களின் அப்பாக்கள் சிரித்தார்கள். எல்தியார் கூனிக் குறுகிப்போனான்.

கோச் மெலிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னக்கா, மறுபடியுமா?"

"ராத்திரியெல்லாம் முட்டி வலிக்குதுன்னு முனகுறான் தம்பி. பதிமூணு வயசுப் பிள்ளை இவ்வளவு கனத்தைச் சுமந்துக்கிட்டா ஓடணும்?"

"இப்ப சுமந்தாத்தான் நாளைக்கு வேகம் வரும். தலைநகர் பிஷ்கெக்லேருந்து பெரிய டீமுக்கு ஆள் எடுக்க வர்றாங்க, தெரியும்ல? இத்தனை பேரும் மாட்டியிருக்கானுங்க. வேற எந்த அம்மாவாவது வந்தாங்களா?"

"வலிக்குதுன்னு சொல்றான்..."

"வலிக்கத்தான் செய்யும். பையனை ஃபுட்பால் ஆட அனுப்புறீங்களா, தொட்டில்ல போட்டு ஆட்டுறீங்களா?"

வேலியோரம் மறுபடி சிரிப்பு.

"போம்மா, மானம் போகுது." எல்தியார் பட்டையைத் தானே இறுக்கிக்கொண்டு ஓடினான்.

அவள் வெளியே வந்தாள். அப்பாக்களில் ஒருவர் விதைப் பொட்டலத்தை நீட்டினார். "கோச்சுக்குத் தெரியாததா தங்கச்சி? பாசத்தாலேயே பிள்ளையைக் கெடுத்துடாதே."

தான்தான் தப்போ என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் கண் மகன்மேலேயே இருந்தது. திரும்பும்போதெல்லாம் இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் ஓடினான்.

பயிற்சி முடிந்தது. எதற்கும் கோச்சிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம், அவர் மனசில் வைத்துக்கொண்டு பையனை ஒதுக்கிவிடக் கூடாது என்று சாமான் அறைக்குப் போனாள்.

உள்ளே கோச்சின் மகன் பாயேல். எல்தியாரின் வகுப்புதான், ஆடுவது மட்டும் வேறு கிளப்பில். அப்பாவைக் கூட்டிப்போக வந்தவன், கழற்றிக் கிடந்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, எனக்கும் சரியா இருக்கு, பாருங்க!"

பந்து மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் மெலிஸ். பட்டையைப் பிய்த்தெடுத்தார்.

"அறிவிருக்காடா? வளர்ற வயசுல இதை மாட்டிக்கிட்டுக் குதிப்பியா? முட்டி போச்சுன்னா உன் ஆட்டமே போச்சு!"

வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

மன்னிப்புக் கேட்க வந்த சாய்ராகுல் நிதானமாகச் சொன்னாள்:

"வெளியில இன்னும் யாரும் போகலை தம்பி. இதையே அங்க வந்து கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."