ஆறுக்கு நாற்பத்தொன்று

"ஏறாதுங்க, நான் சொல்றதைக் கேளுங்க, லோடோட இது—"

"ஏறுறதைப் பத்தி இப்ப யாரு பேசினா, நான் ஓடுறதைப்—"

"—ஒரு வளைவுகூடத் தாண்டாது."

"—பத்திப் பேசிக்கிட்டிருக்கேன், செசீலி."

இரண்டு பேச்சும் லாரிக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றன.

பொள்ளாச்சிப் பட்டறை. நடுப்பகல். பின் ஆக்சிலின் நடுவயிறு, பல்சக்கரங்கள் இருக்கிற இடம், திறந்து கிடந்தது. செசீலி குத்துக்காலிட்டு அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அருளப்பன் பக்கத்தில் நின்று சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வால்பாறையிலிருந்து இறங்கினார்கள். தேயிலைப் பெட்டிகளை இறக்கியாயிற்று. பின்னால் ஏதோ சத்தம் வருது, பட்டறையில் காட்டிட்டுப் போகலாம் என்றான். சரியென்று அவள் கடைவீதிக்குப் போனாள். கருவாடும் வெல்லமும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

திரும்பினால், உள்ளே புதுப் பற்கள் பளபளக்கின்றன.

விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள். சின்னச் சக்கரம், பினியன், ஏழு பல். அதற்கு ஆறு பல்தான் இருக்கவேண்டும். பெரிய சக்கரமான கிரவுனை எண்ணவே வேண்டாம். பார்த்தாலே தெரிந்தது, பல் குறைச்சல்.

ஆறுக்கு நாற்பத்தொன்று. அதுதான் மலை வண்டிக்கு.

எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று சுற்றும். வேகம் இராது. ஆனால் எந்த ஏற்றத்திலும் மூட்டையோடு ஏறும். கல்யாணமான புதிதில், கேபினில் வைத்து, அவன்தான் இதை விளக்க ஆரம்பித்தான். முடிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். பச்சை இலை மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு யாராவது எட்டி எட்டி நடப்பாங்களா, குட்டிக் குட்டியா அடி வெச்சாத்தானே மேடு ஏறலாம் என்றாள்.

அவன் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டும்வரை சிரித்தான்.

இந்தப் புதுசு எட்டி நடக்கிற ஜாதி. ஏழுக்கு முப்பத்தேழு. சமதளத்துக்கு.

சென்னை லைன் கிடைச்சிருக்கு என்றான் இப்போது. நாலு வழிச் சாலையில் பழைய பல்லோடு போனால் எஞ்சின் கத்து கத்தென்று கத்துகிறதாம். டீசலைக் குடிக்கிறதாம். போகிறவன் வருகிறவனெல்லாம் ஓவர்டேக் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறானாம்.

வீட்டுக்கு எப்படி வருவீங்க என்று கேட்டாள்.

காலியா ஏறும்ல, காலியா வந்துட்டுப் போறேன் என்றான்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மேலே போகும்போது அரிசி, இறங்கும்போது தேயிலை. ஒரு மாட்டுத்தீவன மூட்டையாவது இல்லாமல் அவன் மலை ஏறியதில்லை. காலி வண்டியை மேலே ஓட்டுகிறவனைப் பார்த்தால், சுற்றுலா போறான் பாரு என்று கேலி செய்கிற ஆள்.

அதுவும் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சாவிக்கொத்து நின்றது.

"மலை அலுத்துப்போச்சு, செசீலி."

மலை மட்டுமா என்று அவள் கேட்கவில்லை. மீதியை அவனே சொல்வான் என்று இருந்தாள்.

அவன் சொன்னது வேறு.

ஆறே மாசம். ஈஸ்டர் தாண்டினதும் பழைய பல்லையே திரும்ப மாட்டிக்கலாம். ரெண்டு மணி நேர வேலை. கழற்றினதை மாட்ட முடியாதா என்ன.

அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

வாஸ்தவம்தானே. கழற்றினதை மாட்டலாம். அப்படியானால் அந்தப் பழைய ஜோடியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். இங்கே கிடந்தால் துருப்பிடித்துவிடும். எண்ணெய் போட்டு, சாக்கில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்துவிட்டால் ஆறு மாசமென்ன, ஆறு வருஷம்கூடக் கிடக்கும். அவன் வரும்போது எடுத்துக்கொடுப்பாள். சொல்லிக்கொண்டே பட்டறைத் தரையில் தேடினாள். டயருக்குப் பின்னால் பார்த்தாள். கிரீஸ் டப்பாவை நகர்த்திப் பார்த்தாள்.

டீ கிளாஸோடு வந்த மெக்கானிக் நாச்சிமுத்து, என்னங்கக்கா தேடறீங்க என்று கேட்டான். சொன்னாள்.

"அதுங்களா? கழட்டின சூட்டோட வால்பாறை வண்டிக்காரரு ஒருத்தரு எடுத்துட்டுப் போயிட்டாருங்களே. அண்ணன் போன மாசமே அவருக்குன்னு சொல்லி வெச்சிருந்தாருங்க."

சொல்லிவிட்டு அவன் படுத்தவாக்கில் லாரிக்கு அடியில் போய்விட்டான்.

போன மாசம்.

போன மாசம்தான் ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கப் போனார்கள். போன மாசம்தான் கூரையில் ஒழுகின இடத்துக்குத் தகரம் அடித்தான். அடுத்த மழைக்கு ஒழுகாது உனக்கு என்றான். உனக்கு.

அடியில் ஸ்பேனர் போல்ட்டைப் பிடித்து இறுக்கும் சத்தம். ஒவ்வொன்றாக.

அருளப்பன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். கிரீஸ் போகவில்லை. கேபினுக்குள் வைத்திருந்த பையை எட்டி எடுத்தாள். கருவாடு, வெல்லம். இருக்கையின் மூலையில் அவள் குளிருக்குப் போர்த்துகிற துண்டு மடித்துக் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் கேபினில்தான் மலை இறங்கியிருக்கிறாள். இதில்தான் ஏறியிருக்கிறாள்.

"மேல போற பஸ்ஸு எங்கங்க நிக்கும்?"