ஃபெபாவின் தோல்வி

அஞ்செட்டி மலைச்சரிவில் எஞ்சின் இல்லாத குட்டி விமானங்களை ரிமோட்டில் பறக்கவிடும் கிளைடர் பந்தயம் போன வருடம் நடந்தது. அதில் குருமூர்த்தி தன் கிளைடரை வேண்டுமென்றே மோதவிட்டு ஃபெபாவின் கிளைடரை நொறுக்கினார். "பொம்பளை ஒட்டுன றெக்கை அவ்ளோதான் தாங்கும்" என்று சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருடமாக அவள் காதை விட்டுப் போகவில்லை.

இந்த வருடமும் இறுதிச் சுற்றில் அவர்கள் இருவரும்தான். அரை நொடி வித்தியாசத்தில் குருமூர்த்தியே ஜெயித்தார்.

"பெங்களூர் கடையில ஆர்டர் குடுத்து, ஆறு மாசம் காத்திருந்து வாங்குனது. இப்படிச் செய்ய நம்ம ஓசூர்ல ஆளு இருக்கா?" என்று மைக்கில் முழங்கினார்.

எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவள் ஃபெபாதான். தோழி கிருபாராணிக்கு எரிச்சல் வந்தது.

"தோத்துட்டு எதுக்குடி தட்டுற?"

"இரு, இன்னும் முடியல."

வென்ற கிளைடரைச் செய்தவருக்கும் ஒரு கோப்பை உண்டு. நடுவர் இறக்கையைக் கழற்றி, உள்ளே எழுதியிருந்த பெயரை மைக்கில் படித்தார்.

"ஃபெபா, ஓசூர்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. குருமூர்த்தியின் முகம் கறுத்துப்போனது.

கிருபாராணி வாயைப் பிளந்தாள். "அந்த பெங்களூர் கடைக்குச் செஞ்சு குடுக்குறது நீதானா? அந்த ஆளுக்குன்னு தெரிஞ்சேவா செஞ்சு குடுத்த?"

"தெரிஞ்சதாலதான் என்னோடதைவிட நல்லா செஞ்சேன். அவரு ஜெயிச்சாத்தான அவரு முன்னாடியே என் பேரைப் படிப்பாங்க?"