ஆறாயியின் ஓய்வு நேரம்

கதவு டப்பென்று சாத்திக்கொண்டபோது சவுந்தரநாயகம் வெளியே நின்றார். இடுப்பில் சாரம், மேலே ஓட்டை விழுந்த பெனியன், கையில் இறால் கோது நிறைந்த குப்பைப் பை.

எல்லாம் வெள்ளவத்தைக் கடற்காற்றின் வேலை.

குப்பை லொறியைப் பிடிக்கத்தான் ஓடி வந்தார். லொறியும் போய்விட்டது, கதவும் பூட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் திறக்கிற பூட்டு அது. வெளியே நிற்பவருக்குச் சாவி வேண்டும். சாவியோ அறைக்குள், கழற்றி மாட்டிய காற்சட்டைப் பையில் கிடந்தது.

மணியை அடித்தால் ஆறாயி வந்து திறந்துவிடுவாள். விரலை மணிவரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

ஆறாயிக்கு இது ஓய்வு நேரம்.

மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து அவள் வேலைக்கு வந்து சேர்ந்தது அன்று காலையில்தான். சவுந்தரநாயகம் வாழ்க்கையில் முதன்முதலாக முதலாளி ஆனதும் அன்று காலையில்தான். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் கருக்காத சட்டி கிடையாது. உதவிக்கு ஓர் ஆளை வைக்கச் சொல்லி கனடாவிலிருக்கும் மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த ஆளும் நிற்காமல் போனால் தானே வந்து அப்பாவை ரொறொன்ரோவுக்குத் தூக்கிப்போவாளாம். பனியை நினைத்தாலே அவருக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிவிடும்.

பயத்தில், மாதா கோவில் மண்டபத்தில் சிஸ்டர் பேர்ணடெற் நடத்திய வகுப்புக்கும் போய்வந்தார். வீட்டு வேலைக்கு முதன்முதல் ஆள் வைப்பவர்களுக்கான வகுப்பு. வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி வைக்கக்கூடாது. நாம் சாப்பிடுவதைத்தான் அவருக்கும் கொடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணிவரை ஓய்வு. ஓய்வென்றால் ஓய்வு, கூப்பிடவே கூடாது. "வீடு தீப்பிடித்தால் கூப்பிடலாமோ சிஸ்டர்?" என்று எழுந்து கேட்டவர் சவுந்தரநாயகம்தான். சிஸ்டர் அன்றைக்குத் தேநீர் இடைவேளையை முன்கூட்டியே விட்டுவிட்டார்.

துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கிளாக்கராக இருந்தவர். சட்டமென்றால் சட்டம். வீடு இப்போது தீப்பிடிக்கவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்தார்.

இறால் வாசத்துக்கு மேல்மாடிப் பூனை வந்தது. பிறகு கீழ்மாடிப் பூனை, குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. எல்லாமாகச் சேர்ந்து அவரைச் சுற்றி உட்கார்ந்து பையையே பார்த்தன.

எதிர்வீட்டு றோஸி எட்டிப் பார்த்தாள். எத்தனையோ பேரை வேலைக்கு வைத்து, அத்தனை பேரையும் துரத்திய அனுபவசாலி.

"என்ன அண்ணை, முதல் நாளே உங்களை வெளியில போட்டிட்டாளோ?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். றோஸி மணியை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் பாய்ந்து குறுக்கே நின்றார். பாய்ந்த வேகத்தில் சாரம் அவிழப் பார்த்தது. ஒரு கையால் சாரத்தைப் பிடித்து, மறுகையால் பையைப் பூனைகளுக்கு எட்டாமல் உயர்த்தி, முதுகு பட்டு மணி அடித்துவிடாதபடி முன்னுக்கு வளைந்து நின்ற மனிதரைப் பார்த்து றோஸி தலையில் அடித்துக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து, மகனின் காற்பந்துச் சட்டையைக் கொண்டுவந்து அவர்மேல் எறிந்துவிட்டுப் போனாள். இரக்கத்தில் அல்ல. ஓட்டைப் பெனியனோடு கிழவன் படியில் இருந்தால் அந்த அடுக்குமாடி பிளட்ஸுக்கே மரியாதை இல்லையாம்.

சட்டையை மாட்டிக்கொண்டு கதவில் காதை வைத்துப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. நல்ல நித்திரை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தான் வேலைக்கு வைத்த மனுசி, தன் வீட்டில், நிம்மதியாகத் தூங்குகிறாள். இவள் நிச்சயம் நிற்பாள். ரொறொன்ரோப் பனி ரொறொன்ரோவிலேயே கிடக்கட்டும்.

நாலு மணியானதும் எழுந்து, சட்டையை நீவிவிட்டு, மெல்லத் தட்டினார்.

"ஐயா?"

குரல் அறைக்குள்ளிருந்து வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக வந்தது.

"எழும்பிட்டீங்களோ பிள்ளை? கதவைத் திறவுங்கோ."

"சாவி ஒங்ககிட்டதானேங்க ஐயா? நீங்க வார வரைக்கும் இங்கனயேதான் ஒக்காந்திருக்கேன். முந்தி இருந்த வீட்லயும் இப்பிடித்தான், பூட்டிட்டுத்தான் போவாங்க."

அவளுடைய குரலில் ஒரு குறையும் இல்லை. சவுந்தரநாயகம்தான் விட்டுப்போனது எதுவென்று மனதில் தேடினார். காஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, அவளுடைய அறையின் உள்தாழ்ப்பாள் என்று காலையில் ஒன்றுவிடாமல் விளங்கப்படுத்தியிருந்தார். வாசல் கதவைப் போய் யார் விளங்கப்படுத்துவார்கள்? வகுப்பில்கூட அது வரவில்லை.

"சாவி தேவையில்லைப் பிள்ளை. பூட்டில ஒரு குமிழ் இருக்கு, அதைத் திருகுங்கோ."

அந்தப் பக்கம் அவள் தரையிலிருந்து எழும்புகிற சத்தம் கேட்டது.

"உள்ளுக்கிருந்தே தொறக்குமாங்க ஐயா?"

குமிழ் திரும்பியது. கதவு திறந்தது. காற்பந்துச் சட்டையும் சாரமுமாக, பூனைப் பட்டாளத்தின் நடுவே நின்ற முதலாளியை ஆறாயி பார்க்கவேயில்லை. தன் கையிலிருந்த குமிழைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் இன்னும் வெளியேதான் நின்றார்.

மறுபடி திறந்தாள். மறுபடி சாத்தினாள்.

உள்ளே வைக்கத் தூக்கிய காலை அவர் கீழே விட்டார். குப்பைப் பையை அவிழ்த்துப் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டு, படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஓர் அவசரமும் இல்லை.