பாசிலுக்குப் போன வேலை

இந்த வேலையும் பாசிலுக்கே போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் ரெங்கராஜுக்கு வயிறு பற்றி எரிந்தது. தில்லைநகரில் நகைக்கடை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை, இப்போது ஸ்ரீரங்கத்தில் டிபன் கடை. கடையை இடித்துப் புதுசாக்குகிற வேலையெல்லாம் அந்த அரியமங்கலத்து ஆளுக்கேவா?

பைக்கை முறுக்கிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி நேரே டிபன் கடைக்குப் போனார். கல்லாவில் முதலாளி பானுப்ரியா.

"மேடம்! நான் இருபது வருஷமா கான்ட்ராக்டர். நேத்து வந்த பயலுக்கு வேலையைக் குடுத்தா என்ன அர்த்தம்?"

"வைகுண்ட ஏகாதசிக்குள்ள முடிச்சாகணும். பாசில் ஒரு தேதி சொன்னா அந்தத் தேதிதாங்க."

"லாபமே வேண்டாம்னு கொட்டேஷன் குடுத்தேனே!"

"பார்த்தேன். அவரு ரேட் உங்களைவிடக் கூடத்தான்."

"அப்புறம் என்னத்தைக் கண்டு மயங்கியாச்சு?"

"முன்ன செஞ்ச வேலையைக் காட்டச் சொன்னேன். நகைக்கடைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு."

"என் வேலையையும் பார்த்துட்டுல்ல முடிவு பண்ணணும்?"

பானுப்ரியா கல்லாவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அதைத்தான் தினமும் பார்க்கறேனே! ஒரு வாரத்துல புதுசு மாட்டறேன்னு நம்ம வீட்டு பாத்ரூம் கதவைக் கழட்டி அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் என் பழைய சேலைதான் தொங்குது."

ரெங்கராஜ் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சாம்பார் வாளியைப் பார்த்தார்.

"அதையும் பாசில்கிட்டயே சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வராரு. அதுக்குள்ள குளிச்சு முடிச்சிடுங்க."