சூர்யாவுக்குச் சளி

"சூர்யா!"

"யெஸ் மேடம்..." என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மூக்கடைத்த குரல் வந்தது. கீழே விழுந்த பேனாவைத் தேடுகிற சாக்கில் குனிந்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அய்மான் கொடுத்த குரல் அது.

தன் பெயருக்கு ஒரு தரம் கணீரென்று யெஸ் சொன்னவன், நாற்பத்தேழு பெயர் கழித்து சூர்யாவின் பெயருக்கும் சொன்னான். தாம்பரத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்ன! ஞாயிற்றுக்கிழமை திருமுடிவாக்கத்தில் மாமாவின் லேத் பட்டறையில் வேலை, திங்கட்கிழமை வகுப்பில் தூக்கம், மற்ற நாளெல்லாம் கேன்டீனில் ஒரே டீயை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேர அரட்டை. படிப்பைத் தவிர மிச்ச எல்லாவற்றிலும் தான் கெட்டிக்காரன் என்று அவனுக்கு நினைப்பு.

ஜென்சி மேடம் தலையைத் தூக்காமலே, "சூர்யா, நாலு நாளா உனக்குச் சளி. டாக்டரைப் பாருப்பா" என்றார்.

யாராவது ப்ராக்ஸி கொடுத்தால் பெஞ்சே குலுங்கச் சிரிக்கிற வகுப்பு அது. இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் வரிசையில் ஹேமாவதி நோட்டைப் புரட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

கஸ்தூரிரங்கன் சார் இருந்தவரை இந்தத் தலைவலியே இல்லை. சூர்யாவின் பெயரைக் கூப்பிடாமலே டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். தங்கமான மனுஷன், போன வாரம் வேறு காலேஜுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை அவர் இடத்துக்கு வந்த ஜென்சி மேடமோ ஒரு பெயரையும் விடுவதில்லை.

முதல் பீரியடில் ஆள் இல்லையென்றால் பத்தரை மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே வீட்டுக்கு மெசேஜ் அனுப்பிவிடும். 'உங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை.' அது மட்டும் சூர்யாவின் அம்மா பச்சையம்மாவுக்குப் போகக் கூடாது. அய்மானுக்கு இப்போது உலகத்தில் அது ஒன்றுதான் கவலை.

திங்கட்கிழமை அந்த மெசேஜ் போய்விட்டது. பச்சையம்மாவுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. அங்கே வேலை நடுவில் வந்து விழுந்திருக்கிறது. சாயங்காலம் பொழிச்சலூரில் அவர்கள் வீட்டுக்கு அய்மான் போனபோது, அவள் போனை நீட்டி, "இன்னாடா அய்மான், இப்டி வந்துகீது?" என்றாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாளே அய்மான் ஆபீசுக்கு ஓடினான். "சார், சூர்யா வீட்டு நம்பருக்குப் பதிலா என் நம்பரைப் போட்டுக்குங்க சார்" என்று கெஞ்சினான்.

"லிஸ்ட்ல எதை மாத்தணும்னாலும் பெத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், தம்பி" என்றார் கிளார்க்.

"மேடம்கிட்ட உண்மைய சொல்லிடலாம், மச்சான்" என்றான் பக்கத்து பெஞ்ச் பர்வேஸ். சொல்லலாம்தான். நாளெல்லாம் ஓயாமல் பேசுகிற அய்மானுக்கு அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதனால்தான் செவ்வாயிலிருந்து இந்த மூக்கடைப்பு.

"சூர்யா, எழுந்திரு பார்க்கலாம்" என்று மேடம் திடீரென்று நிமிர்ந்தார்.

யாரும் எழவில்லை. மேடம் கடைசி பெஞ்ச் வரைக்கும் நடந்து வந்தபோது, அய்மான் இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஸ்டாஃப் ரூமில் வைத்து மேடம் பொரிந்து தள்ளினார். "நான் புதுசுன்னா இளிச்சவாயின்னு அர்த்தமா? ஒரு வாரம் கிளாசுக்கு வராதே. திரும்பி வரும்போது அப்பாவைக் கூட்டிட்டு வா."

"கூட்டிட்டு வரேன் மேடம். நீங்க என்ன பனிஷ்மென்ட் குடுத்தாலும் சரி. சூர்யாவுக்கு மட்டும் ஆப்சென்ட் போடாதீங்க."

"அடேங்கப்பா! உன்னை மாட்டிவிட்டுட்டு அவன் எங்கயோ ஜாலியா இருக்கான், நீ அவனுக்கு வக்காலத்து வாங்கறியா? எங்கே போயிருக்கான், பீச்சா, சினிமாவா?"

அய்மான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்ல மாட்டே, இல்லே? சரி. 'உங்க பையன் எங்கே'ன்னு அவங்க அம்மாகிட்டயே கேட்டுக்கறேன்." லிஸ்டில் பச்சையம்மாவின் நம்பரைத் தேடி, ஒவ்வொரு எண்ணாகப் போனில் அழுத்த ஆரம்பித்தார். பத்தாவது எண்ணையும் அழுத்தியபோது அய்மான் பாய்ந்து போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"வேணாம் மேடம்! உங்க கால்ல வேணா விழறேன். அவங்ககிட்ட அதை மட்டும் கேக்காதீங்க மேடம்!"

"கையை எடுடா! என்ன தைரியம் உனக்கு!"

அவன் கையை எடுக்கவில்லை. இத்தனை நாள் எங்கே அடக்கி வைத்திருந்தானோ, அழுகை பீறிட்டு வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த நாடகமெல்லாம் வேணாம்" என்றார் மேடம். "சூர்யா இப்ப எங்கேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம். சுடுகாட்டுக்கு அவனைத் தூக்கிட்டுப் போன நாலு பேர்ல நானும் ஒருத்தன்."