இடது கை போட்ட மாடு

இடது கையில் பென்சிலைப் பிடித்ததும் றிச்சர்டுக்குப் பயம் வரவில்லை. இது என்னதான் செய்யும், பார்ப்போமே என்றுதான் இருந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில், உடற்பயிற்சி கொடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. பாரிசவாதம் வந்து சில மாதமாகிறது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. அந்தக் கை மட்டும் திரும்பவில்லை.

இத்தனை வருடமும் அதுதான் சோறு போட்டது. ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் அவர் படம் போட்ட கதைப்புத்தகத்தைப் புரட்டாத பிள்ளை கிடையாது. குடை பிடித்த முயல், தொப்பி போட்ட ஆமை, கண்ணை உருட்டும் லொறி. எல்லாம் அந்தக் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கொழும்பிலிருந்து பதிப்பாளர் நேற்றும் பேசினார். இந்த முறை கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. புதுப் புத்தகத்துக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"வலது கை வர்றப்ப வரட்டும். நான் கூப்பிடுற வரைக்கும் இந்தக் கையால எதையாவது கிறுக்குங்க சேர்," என்று தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தார், பயிற்சி கொடுக்கும் பிரியந்தி.

முயலைத்தான் போடப் பார்த்தார். கை கேட்கவில்லை. காதுக்கென்று கிளம்பிய கோடு வளைந்து முதுகாகிப்போனது. சரி, போகட்டும் என்று விட்டார்.

கோடு நடுங்கியது. ஆனால் தயங்கவில்லை.

ஒரு மாடு வந்தது. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். வயிற்றுக்குக் கீழே ஐந்து கோடு. ஐந்தாவது எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை.

முறிந்த கையில் மாக்கட்டுப் போட்டு, பக்கத்தில் தாயோடு உட்கார்ந்திருந்த சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"அது பால் மடி," என்றாள். "எங்க தம்பியும் இப்பிடித்தான் மாமா வரைவான்."

றிச்சர்ட் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இப்படி ஒரு கோட்டுக்காக எத்தனையோ பாலர் பாடசாலைகளில் போய்க் குந்தியிருக்கிறார். பிள்ளைகள் வரைவதைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். வலது கை ஒவ்வொரு தடவையும் அதைத் திருத்தி அழகாக்கிவிடும்.

அப்படியென்றால் இதை வரைவது யார்?

அடுத்து என்ன வரப்போகிறது என்று அவரும் சிறுமியோடு சேர்ந்து காத்திருந்தார்.

அப்போதுதான் மருந்து வாங்கிக்கொண்டு சிசிலி வந்தார், றிச்சர்டின் அம்மா. மகனுடைய இடது கையில் பென்சிலைக் கண்டதும் வெடுக்கென்று அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பென்சிலைப் பிடுங்கி வலது கைக்குள் திணித்தார்.

வலது கை அதைப் பிடிக்கவில்லை. பென்சில் நழுவி, பெஞ்சுக்கு அடியில் உருண்டது.

சிறுமி குனிந்து எடுத்துக் கொடுத்தாள். சிசிலி அதை வாங்கிக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடம் சேக்குறதுக்கு முன்னுக்கு ஒனக்கு எல்லாமே நொட்டாங்கைதான்," என்றார். "தோட்டத்து லயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அந்தக் கைய துணியால இடுப்போட சேத்துக் கட்டி வச்சேன். சோத்தாங்கை பழகுற வரைக்கும் அவுக்கவே இல்ல."

தாளைப் பார்த்தார்.

"அன்னைக்கும் மாடுதான் வரஞ்சிக்கிட்டிருந்த."

றிச்சர்டுக்கு ஒன்றுமே நினைவில்லை. பிறந்ததிலிருந்தே தான் வலது கைக்காரன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கோபம் வருமா என்று தேடினார். வரவில்லை. வேறொன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வேற என்னென்னம்மா வரைவேன்?"

சிசிலி பென்சிலை அவருடைய இடது கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"கோழி வரைவ," என்றார். "அப்புறம்... இரு, யோசிக்கிறேன்."

உள்ளேயிருந்து பிரியந்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் எழுந்திருக்கவில்லை.